நியூஃபவுண்ட்லாந்தில் திமிங்கிலமும் பஃபினும்: படகில் போய்ப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

கனடாவின் கிழக்கு ஓரத்தில் அட்லாண்டிக் கடலுக்குள் துருத்திக்கொண்டு நிற்கும் தீவு நியூஃபவுண்ட்லாந்து. அதன் தலைநகர் செயின்ட் ஜான்ஸிலிருந்து தெற்கே அரை மணி நேரம் காரில் போனால் பே புல்ஸ், அதை ஒட்டி விட்லெஸ் பே என்று இரண்டு சின்ன மீன்பிடி ஊர்கள் வரும். எதிரே கடலில் கல் (Gull), கிரீன், கிரேட், பீ பீ என்று நான்கு தீவுகள். 1983இல் இந்த நான்கும் சுற்றுக் கடலும் சேர்ந்து பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டன. பஃபின் என்ற கடற்பறவைகள் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட சோடிகளாக இங்கே முட்டையிடுகின்றன. வட அமெரிக்காவில் பஃபின்கள் இத்தனை பெருங்கூட்டமாக வாழும் இடம் வேறில்லை. அதே கடலில் கோடை முழுக்கத் திமிங்கிலங்கள் மேய்கின்றன.

வருகிறவர்களில் பலர் திமிங்கிலத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படகேறுகிறார்கள். பறவைகள் அவர்களுக்குக் கொசுறு. இந்தக் கடலில் அப்படிப் பார்த்தால் பாதிதான் கிடைக்கும். திமிங்கிலமும் பறவையும் ஒரே மீனைத் தேடித்தான் இங்கே வருகின்றன. அந்த மீனில் தொடங்கி, பறவையைப் பார்க்கக் கற்றுக்கொண்டு, அதன் வழியாகத் திமிங்கிலத்துக்குப் போவதுதான் சரியான முறை. எப்போது போவது, படகில் எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது எல்லாமே அதிலிருந்துதான் வரும்.

முதல் படி: மீனை வைத்து மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

மீனின் பெயர் கேப்லின். ஒரு சாண் நீளம்கூட இல்லாத, வெள்ளி நிற மீன். ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் இவை கூட்டம் கூட்டமாகக் கரைக்கு வந்து, அலையோடு கூழாங்கல் கரையில் ஏறி, அங்கேயே முட்டையிடும். செயின்ட் ஜான்ஸுக்குப் பக்கத்தில் மிடில் கோவ் போன்ற கரைகளில் ஊர் மக்கள் வாளியும் வீச்சுவலையும் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு இறங்கிவிடுவார்கள். அந்த நாட்களில் மூடுபனியும் தூறலும் வடகிழக்குக் காற்றுமாக இருக்கும். உள்ளூர்க்காரர்கள் அதைக் கேப்லின் வானிலை என்றே சொல்கிறார்கள். வானம் மூடியிருக்கிறதே என்று நீங்கள் வருத்தப்படும் நாளில் அவர்கள் உற்சாகமாக இருப்பது அதனால்தான்.

கரீபியன் கடலில் குட்டி போட்டுவிட்டு வடக்கே வரும் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் இந்த மீனின் பின்னாலேயே கரையோரம் வந்துவிடும். பஃபின் தன் குஞ்சுக்கு ஊட்டுவதும் பெரும்பாலும் இதைத்தான்.

ஆகவே ஜூன் கடைசி வாரம் தொடங்கி ஜூலை முடியும்வரை போவதுதான் என் பரிந்துரை. மே மாதமும் ஜூன் தொடக்கமும் கிரீன்லாந்திலிருந்து மிதந்து வரும் பனிமலைகளுக்கான காலம். அப்போது பஃபின் இருக்கும், திமிங்கிலம் உறுதியில்லை. ஆகஸ்டில் திமிங்கிலம் இருக்கலாம். ஆனால் மாதத் தொடக்கத்திலேயே பாறைகளிலிருந்து மர் பறவைகள் போய்விடும், செப்டம்பரில் பஃபின்களும் கிளம்பிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1990களின் தொடக்கத்தில் இங்கே கேப்லின் வரத்து பெரிய அளவில் சரிந்தது. பழைய நிலைக்கு இன்னும் திரும்பவில்லை. மீன் கரைக்கு வரும் காலமும் முன்பைவிடத் தள்ளிப்போயிருக்கிறது. அதனால் ஒரே ஒரு நாளை மட்டும் நம்பி வராதீர்கள். குறைந்தது மூன்று இரவுகள் தங்குவதுபோல் திட்டமிட்டு, படகை முதல் நாளே பதிவு செய்யுங்கள். காற்று அடித்து ரத்தானால் அடுத்த நாளுக்கு மாற்றிக்கொள்ள இடம் இருக்கும்.

இரண்டாம் படி: படகு

இரண்டு வகைப் படகுகள் ஓடுகின்றன. ஒன்று, இரண்டு தளம், கழிப்பறை, உள்ளே உட்கார இடம் எல்லாம் உள்ள பெரிய படகு. மற்றொன்று, காற்றடைத்த ரப்பர் விளிம்புள்ள சோடியாக் வகைப் படகு. அதில் பத்துப் பன்னிரண்டு பேர்தான் ஏறலாம், தண்ணீருக்கு மிக அருகில் உட்காரலாம், உடம்பு முழுக்க மூடும் மிதவை உடையைக் கொடுத்துவிடுவார்கள். படம் எடுப்பவர்களுக்கு அது ஆசையாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு அலையிலும் தூக்கிப்போடும். முதுகுவலி உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகள் பெரிய படகிலேயே போகட்டும்.

பெரிய படகில் போனால் பார்வைக்கும் ஒரு வசதி உண்டு. உயரத்தில் நின்று பார்த்தால் தூரத்து மூச்சுப்புகை முன்னதாகவே தெரியும். முதல் முறை போகிறவர்களுக்கு நான் பெரிய படகைத்தான் சொல்வேன். பயணம் பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். இரண்டு வேளைக்கு இடம் இருந்தால் காலைப் பயணத்தை எடுங்கள். பெரும்பாலான நாட்களில் மதியத்துக்கு மேல் காற்று வலுக்கும்.

மூன்றாம் படி: போய்ச் சேர்வது

டொராண்டோவிலிருந்து விமானத்தில் மூன்று மணி நேரம். இந்தியாவைப் போலவே நியூஃபவுண்ட்லாந்துக்கும் அரை மணிக் கணக்கில் நேரம். டொராண்டோவைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடும். படகு புறப்படும் நேரம் எப்போதும் உள்ளூர் நேரம்தான். வாடகைக் காரை விமானச் சீட்டோடு சேர்த்தே பதிவு செய்துவிடுங்கள், கோடையில் தட்டுப்பாடு வரும். மாலை மயங்கிய பிறகு நெடுஞ்சாலையில் ஓட்டாதீர்கள். இங்கே மூஸ் எனப்படும் பெரிய காட்டுமான்கள் சாலைக்கு வரும். மோதினால் கார் மட்டுமல்ல, உள்ளே இருப்பவர்களும் தப்புவது கடினம்.

நான்காம் படி: உடையும் வயிறும்

லாப்ரடார் நீரோட்டம் வடதுருவப் பக்கத்துக் குளிர்நீரை இந்தக் கரைக்குக் கொண்டுவருகிறது. ஜூனில் கடல்நீரின் வெப்பம் பத்து டிகிரிக்கும் கீழே. ஊருக்குள் அரைக்கை சட்டையோடு நடக்கிற வெயில் அடித்தாலும், படகு துறையை விட்ட பத்தாவது நிமிடத்தில் பல் கிட்டித்துவிடும். உள்ளே ஒரு பனியன், மேலே கம்பளி ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்றும் மழையும் புகாத கோட்டு. காதை மூடும் குல்லாவும் கையுறையும் கட்டாயம். ஜீன்ஸ் நனைந்தால் காயாது, அதைத் தவிர்க்கலாம். ரப்பர் அடியுள்ள காலணி போடுங்கள். காற்றில் குடை நிற்காது. புடவையோ நீண்ட துப்பட்டாவோ படிகளிலும் கயிறுகளிலும் மாட்டும், வேண்டாம்.

குமட்டலுக்கு மாத்திரை போடுவதென்றால் படகு ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். வயிறு புரட்ட ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. கனடாவில் கிராவால் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். இந்தியாவிலிருந்து வருபவர்கள் அவோமின் கொண்டுவரலாம். இரண்டுமே தூக்கம் வரவைக்கும், அதனால் போட்டுக்கொண்டு கார் ஓட்டாதீர்கள். வேறு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள், வயிறு முட்டவும் சாப்பிடாதீர்கள். இரண்டு ரொட்டித் துண்டு, ஒரு வாழைப்பழம் போதும். படகில் தலை சுற்றினால் உள்ளே போய்ப் படுக்காதீர்கள். கீழ்த்தளத்தில், படகின் நடுவிலிருந்து சற்றுப் பின்னால் வெளியே நின்று, தொடுவானத்தையே பாருங்கள். அந்த இடத்தில்தான் ஆட்டம் குறைவு. போனைக் குனிந்து பார்ப்பதுதான் பலரையும் கவிழ்த்துவிடுகிறது.

ஐந்தாம் படி: கடிகாரத்தைக் கற்றுக்கொள்ளுங்கள்

ஒலிபெருக்கியில் வழிகாட்டி "இரண்டு மணி" என்று கத்துவார். படகின் முன்முனைதான் பன்னிரண்டு மணி, பின்முனை ஆறு, வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் ஒன்பது. இரண்டு மணி என்றால் வலப்பக்கம் சற்று முன்னால். பிள்ளைகளுக்கு இதைக் காரிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டால் படகில் எல்லோருக்கும் முன்னால் அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆறாம் படி: முதலில் பறவை

துறையை விட்டதும் பைனாகுலரை எடுக்காதீர்கள். வெறுங்கண்ணால் தொடுவானத்தை இடமிருந்து வலமாக மெதுவாகத் துழாவுங்கள். தேடுவது திமிங்கிலத்தை அல்ல, பறவைக் கூட்டத்தை.

கிட்டிவேக் என்ற சிறிய வெள்ளைக் கடற்காகம் இங்கே நல்ல வழிகாட்டி. மையில் தோய்த்து எடுத்ததுபோல் இறக்கை நுனி மட்டும் கறுப்பாக இருக்கும், தன் பெயரையே கத்திக்கொண்டு பறக்கும். அவை பரவலாக ஒரே திசையில் பறந்துகொண்டிருந்தால், இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். தண்ணீரில் சும்மா மிதந்துகொண்டிருந்தால், விருந்து முடிந்திருக்கும். ஒரே இடத்துக்கு மேலே வட்டமடித்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே விழுந்து எழுந்தால், அங்கே மீன்கூட்டம் மேலே தள்ளப்பட்டிருக்கிறது. கண்ணை அங்கேயே வைத்திருங்கள். பறவைகள் எல்லாம் ஒரே சமயத்தில் விருட்டென்று மேலே கிளம்பும் ஒரு கணம் வரும். அடியிலிருந்து திமிங்கிலம் வாயைத் திறந்துகொண்டு மேலே வருகிறது. மற்றவர்கள் சத்தம் கேட்டுத் திரும்புவதற்குள் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

பைனாகுலர் எட்டு மடங்குக்கு மேல் வேண்டாம். பத்து, பன்னிரண்டு மடங்கெல்லாம் படகில் கையாட்டத்தோடு சேர்ந்து ஒன்றும் தெரியாமல் செய்துவிடும்.

ஏழாம் படி: திமிங்கிலத்தைப் படிப்பது

திமிங்கிலம் பீய்ச்சி அடிப்பது தண்ணீர் என்று பலர் நினைக்கிறார்கள். அது அதன் மூச்சு. சூடான மூச்சு குளிர்காற்றில் பட்டுப் புகையாகத் தெரிகிறது. அந்தப் புகையைக் கொண்டே இனத்தைச் சொல்லிவிடலாம். கூன்முதுகுத் திமிங்கிலத்தின் மூச்சு குட்டையாக, புதர்போல் பரந்து நிற்கும். ஃபின் திமிங்கிலத்தின் மூச்சு உயரமான ஒற்றைத் தூண். நீலத் திமிங்கிலத்துக்கு அடுத்து உலகில் பெரிய விலங்கு இதுதான். வலது கீழ்த்தாடை மட்டும் வெள்ளையாக இருப்பது அதன் அடையாளம். மிங்க்கி சிறியது, ஏழெட்டு மீட்டர்தான் இருக்கும். அதன் மூச்சுப்புகை கண்ணில் படாது, வளைந்த முதுகு ஒருமுறை தெரிந்து மறையும். ஆனால் காற்று உங்கள் பக்கம் அடித்தால் அழுகிய மீன் நாற்றம் வரும். அதை வைத்தே படகுக்காரர்கள் மிங்க்கி என்று சொல்லிவிடுவார்கள்.

நீங்கள் அதிகம் பார்க்கப்போவது கூன்முதுகுத் திமிங்கிலம்தான். அதன் ஒழுங்கைப் புரிந்துகொண்டால் அப்புறம் தவறவிட மாட்டீர்கள். மேலே வந்து சில முறை மூச்சு விடும். ஒவ்வொரு முறையும் முதுகு கொஞ்சமாகத்தான் தெரியும். கடைசி மூச்சுக்குப் பிறகு முதுகு வழக்கத்தைவிட உயரமாக வளையும், முதுகுத்துடுப்பின் பின்னால் உள்ள எலும்பு முடிச்சுகள்கூடத் தெரியும். அப்போது கேமராவைத் தூக்குங்கள், வால் மேலே வரப்போகிறது. வால் முழுகியதும் கைக்கடிகாரத்தைப் பாருங்கள். மேய்ந்துகொண்டிருக்கும் திமிங்கிலம் பெரும்பாலும் சில நிமிடங்களில் திரும்பி வரும். முதல் தடவை எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்துக்கொண்டால், அடுத்த தடவையும் ஏறக்குறைய அவ்வளவே ஆகும்.

அது முழுகிய இடத்தில் எண்ணெய் ஊற்றிய மாதிரி வழவழப்பான ஒரு வட்டம் நீர்மேல் கொஞ்ச நேரம் நிற்கும். வாலடிப்பால் வரும் சுவடு அது. அந்த வட்டங்கள் எந்தத் திசையில் வரிசையாகப் போகின்றன என்று பார்த்தால் அடுத்து எங்கே எழும் என்று ஊகிக்கலாம்.

படகுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் தண்ணீரின் மேலே பார்க்காதீர்கள், உள்ளே பாருங்கள். கரும்பச்சைத் தண்ணீரில் வெளிர்பச்சையாக, ஆள் நீளத்தைவிட இரண்டு மடங்கு நீளமான ஒன்று ஒளிர்ந்துகொண்டு வரும். அட்லாண்டிக் கூன்முதுகுத் திமிங்கிலங்களின் பக்கத்துடுப்பு வெள்ளை நிறம், உடல் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். உடல் கறுப்பாக இருப்பதால் தண்ணீரோடு கலந்துவிடும், துடுப்புகள் இரண்டும் மட்டும்தான் முதலில் தெரியும். மூடுபனி நாளில் எஞ்சினை நிறுத்திவிட்டால், கண்ணுக்கு எதுவும் தெரிவதற்கு முன்பே மூச்சு காதில் விழும். மூடுபனி என்று பயணத்தை மாற்ற நினைக்காதீர்கள்.

எட்டாம் படி: தீவுகளின் அருகே

தீவை நெருங்கும்போது நாற்றம் முதலில் வரும், அடுத்து இரைச்சல். புல்சரிவு முழுக்க ஓட்டை ஓட்டையாக இருக்கும். எல்லாம் பஃபின் வளைகள். ஒரு வளைக்கு ஒரு முட்டை, ஆண்டுக்கு ஒன்றுதான். பஃபின் ஒரு புறாவை விடப் பெரிதில்லை, படங்களைப் பார்த்துப் பெரிதாக எதிர்பார்த்து வருகிறவர்கள் கண்ணெதிரே இருப்பதைத் தவறவிடுவார்கள். தண்ணீரை ஒட்டி நேர்கோட்டில், இறக்கை கண்ணுக்கே தெரியாத வேகத்தில் அடித்துக்கொண்டு பறப்பது பஃபின். நிமிடத்துக்கு 400 முறைவரை அடிக்கும். வயிறு நிறையத் தின்றது என்றால் தண்ணீரிலிருந்து எழும்ப முடியாமல் ஓடித் தத்தளித்து, கடைசியில் பறக்கும் எண்ணத்தை விட்டு முழுகிவிடும்.

ஜூலையில் ஒன்றைக் கவனியுங்கள். அலகில் குறுக்காக மீன்களை அடுக்கிக்கொண்டு வரும் பஃபின் நேராக வளைக்குப் போகாது. ஒன்றிரண்டு முறை சுற்றிவரும். கீழே கடற்காகங்கள் மீனைப் பறிக்கக் காத்திருக்கின்றன. இடைவெளி கிடைத்ததும் விழுந்தடித்து வளைக்குள் நுழைந்துவிடும். ஒரே ஒரு பஃபினைத் தேர்ந்தெடுத்து, அது உள்ளே போகும்வரை கண்ணை எடுக்காமல் பாருங்கள். பொத்தாம்பொதுவாக நூறு பறவைகளைப் பார்ப்பதைவிட அது மேல்.

செங்குத்துப் பாறைகளில் நெருக்கியடித்து நிற்கும் கறுப்பு வெள்ளைப் பறவைகள் மர். கூடு கட்டாது, வெறும் பாறை விளிம்பில் முட்டையிடும். முட்டை ஒரு பக்கம் கூர்மையாக இருப்பதால் எளிதில் உருண்டு விழாது. மூன்று வாரக் குஞ்சு பறக்கத் தெரியாமலே பாறையிலிருந்து கடலில் குதிக்கும், தகப்பன் கூடவே இருந்து வளர்க்கும். இதே தீவுகளில் பெட்ரல் என்ற கரும்பறவைகள் லட்சக்கணக்கில் வளைகளில் இருக்கின்றன. கடற்காகங்களுக்குப் பயந்து இரவில் மட்டும்தான் வந்துபோகும். பகல் பயணத்தில் ஒன்றுகூடக் கண்ணில் படாது.

படம் எடுப்பவர்களுக்கு: பஃபினுக்கு ஷட்டர் வேகம் 1/2000 நொடியாவது வேண்டும். திமிங்கிலத்துக்கு அதில் பாதி போதும். போன் மட்டும் இருந்தால் காணொளியே எடுங்கள்.

ஒன்பதாம் படி: தூரம்

கனடாவின் சட்டப்படி படகு திமிங்கிலத்தை 100 மீட்டருக்குள் நெருங்கக்கூடாது. குட்டியோடு இருந்தாலோ ஓய்வெடுத்தாலோ 200 மீட்டர். திமிங்கிலமே படகை நோக்கி வந்தால் வேறு, நாம் துரத்தக்கூடாது. தீவுகளில் அனுமதியின்றி இறங்கக்கூடாது. இன்னும் கிட்டப் போங்கள் என்று படகோட்டியை நச்சரிக்காதீர்கள். நல்ல படகோட்டி எஞ்சினை அடக்கிக்கொண்டு காத்திருப்பார். அப்படிக் காத்திருக்கிறவர்களையே தேர்ந்தெடுங்கள்.

இந்தக் கட்டுப்பாடு எளிதில் வரவில்லை. 1972வரை இதே நியூஃபவுண்ட்லாந்தில் திமிங்கில வேட்டை நடந்தது. 1970களின் இறுதியில் கேப்லினைத் துரத்திக் கரையோரம் வந்த கூன்முதுகுத் திமிங்கிலங்கள் காட் மீனுக்குப் போட்ட வலைகளில் மாட்டத் தொடங்கின. மீனவர்களுக்கு வலை நாசம், திமிங்கிலத்துக்கு உயிர் நாசம். செயின்ட் ஜான்ஸ் மெமோரியல் பல்கலைக்கழகத்தின் ஜான் லீன் ஒரு சின்ன ரப்பர் படகில் போய், வலையையும் காப்பாற்றித் திமிங்கிலத்தையும் விடுவித்தார். வலையைப் பற்றியும் அவர் கவலைப்பட்டதால்தான் மீனவர்கள் அவரை நம்பிக் கூப்பிட்டார்கள். 2010இல் அவர் இறப்பதற்குள் 500க்கும் மேற்பட்ட திமிங்கிலங்களை மீட்டிருந்தார். 1992 ஜூலையில் காட் மீன்பிடிப்பு தடைசெய்யப்பட்டு ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் வேலையிழந்த பிறகு, மீன்பிடிக் குடும்பங்கள் சில படகுப் பயணத் தொழிலுக்கு வந்தன. உங்களைக் கூட்டிப்போகிறவரிடம் பழைய மீன்பிடி நாட்களைப் பற்றிக் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார்.

பத்தாம் படி: படகு ரத்தானால்

கரையிலிருந்தே பார்க்க மூன்று இடங்கள். கேப் செயின்ட் மேரிஸில் ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் நடந்தால் கேனட் பறவைகள் மொய்த்திருக்கும் பாறை மிக அருகில் எதிரே நிற்கும். எல்லிஸ்டன் தொலைவு, ஆனால் பஃபின்கள் சில மீட்டர் இடைவெளியில் வந்து உட்காரும். மூன்றாவது செயின்ட் வின்சென்ட்ஸ் கடற்கரை. கரையை ஒட்டியே ஆழம் சட்டென்று இறங்குவதால், கேப்லின் காலத்தில் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் கூழாங்கல் கரைக்கு மிக அருகில் மேய வரும். தண்ணீரில் மட்டும் இறங்காதீர்கள், அலை இழுத்துவிடும்.

செயின்ட் வின்சென்ட்ஸ் போகிறவர்கள் இன்னும் கொஞ்சம் தெற்கே இருக்கும் செயின்ட் ஷாட்ஸையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1986 ஆகஸ்டில், ஏற்றிவந்த கப்பல் நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போன ஈழத்தமிழர் 155 பேர், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் இந்தக் கடலில்தான் மூடுபனிக்குள் மிதந்துகொண்டிருந்தார்கள். கஸ் டால்டன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர் அவர்களைக் கண்டு தன் படகில் ஏற்றினார், மற்றப் படகுகளையும் உதவிக்கு அழைத்தார். ஒருவரும் சாகவில்லை. கோட்டு, குல்லா, மிதவை உடை எல்லாம் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் இந்தக் குளிரில் நின்றவர்களுக்கு, அவர்கள் பட்டது என்ன என்று கொஞ்சமாவது புரியும்.

பதினோராம் படி: திரும்பி வந்த பிறகு

கூன்முதுகுத் திமிங்கிலத்தின் வாலடியில் உள்ள கறுப்பு வெள்ளைக் கோலம் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு. உங்களிடம் வாலின் அடிப்பக்கம் தெளிவாகத் தெரியும் படம் இருந்தால் ஹேப்பிவேல் இணையதளத்தில் ஏற்றுங்கள். அதே திமிங்கிலத்தை வேறு யாராவது கரீபியனிலோ வேறெங்கோ பார்த்திருந்தால் உங்களுக்குத் தகவல் வரும். தேதியும் நேரமும் இடமும் இல்லாத படத்தால் ஆய்வுக்குப் பயன் குறைவு, அவற்றைக் கட்டாயம் சேருங்கள்.

ஆகஸ்ட் பாதிக்கு மேல் போகிறவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. வளையைவிட்டு இரவில் முதன்முதலாகப் பறக்கும் பஃபின் குஞ்சுகள் கடலுக்குப் போகாமல் ஊர் விளக்குகளை நோக்கி வந்து சாலையில் விழுந்துவிடும். தன்னார்வலர்கள் இரவில் வலையும் பெட்டியுமாகச் சுற்றி அவற்றைச் சேகரித்து, காலையில் கடலில் விடுகிறார்கள். விட்லெஸ் பேயில் இதை நடத்துவது கனடிய பூங்காக்கள் மற்றும் வனப்பகுதிச் சங்கத்தின் உள்ளூர்க் கிளை. அதன் அனுமதியோடுதான் குஞ்சுகளைத் தொடலாம். சேர விரும்பினால் ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள். அந்த வாரங்களில் அங்கே தங்குபவர்கள் வேறொன்றும் செய்யாவிட்டாலும் இரவில் வாசல் விளக்கை அணைத்துவிட்டு, சாலையில் மெதுவாக ஓட்டுங்கள்.